மறுகையில் இறங்கிய எண்கள்

விரலை மூக்கில் வைத்துக்கொண்டு யோகமலர் காத்திருந்தாள். மேசையைச் சுற்றி இருந்த தேர்வாளர் நால்வரும் அந்த விரலையே பார்த்தார்கள். ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது.

நாடாவில் எண்ணிக்கொண்டிருந்தவர் பாப்புவா நியூகினி மலைக்கிராமம் ஒன்றின் கிழவர். அவருடைய மொழியில் உறுப்புகளின் பெயர்களே எண்கள். சுண்டுவிரலில் தொடங்கி ஐந்து விரல்கள், மணிக்கட்டு, முன்கை, முழங்கை, மேற்கை, தோள், கழுத்து, காது, கண் என்று ஏறி மூக்கில் பதினான்கு. பிறகு கண், காது, கழுத்து என்று அதே சொற்கள் திரும்பி வந்தன. முப்பது ஆண்டுகளுக்கு முன் அதைப் பதிவு செய்த இளைஞர், 'பதினான்குக்கு மேல் குழம்பிவிடுகிறார்கள்' என்று எழுதினார். மொழியியல் வரலாறு எழுதியவர்கள் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த இளைஞர்தான் இப்போது மேசையின் எதிர்முனையில் இருந்த பேராசிரியர் வெல்டன்.

அவள் ஆய்வேட்டை ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்றும் தவறினால் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடமில்லை.

முதல் தடவை அவளிடம் இருந்தது, கிழவர் குழம்பியிருக்கமாட்டார் என்ற சந்தேகம் மட்டும். அதன்பின் ஒரு ஞாயிறு, ஸ்காபரோ வீட்டில், கணவன் பத்மநாதன் சாமிப்படத்தின் முன் செபம் செய்துகொண்டிருந்தான். பெருவிரல் மற்ற விரல்களின் வரிகளைத் தொட்டு நகர்ந்தது. வாயில் ஒரே மந்திரம். முடியும்வரை காத்திருந்து கேட்டாள்.

"எத்தினையெண்டு மறந்து போகாதே?"

"மறக்கிறதுக்கு நான் மனசிலையே வைச்சிருக்கிறன்? கையிலை எல்லோ இருக்கு."

"அப்ப மனசு?"

"அது மிசிசாகா றோட்டிலை ட்ராஃபிக் பாத்துக்கொண்டு நிண்டது. சாமிக்குச் சொல்லிப்போடாதையும்."

ஒரே சொல்லைத் திரும்பச் சொல்பவன் எண்ணிக்கையை இழக்கவில்லை. கையைப் பார்த்தால் தெரியும். நாடாவில் கை எங்கே?

அவள் கேட்டுவந்தது இரைச்சல் நீக்கிய பிரதி. மறுநாள் காப்பகத்தில் மூல நாடாவைக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தோலில் விரல் தட்டும் ஓசை இருந்தது. மூக்குக்குப் பிறகும் அது தடுமாறவில்லை. கடைசியில் ஒரு கைதட்டல், ஒரு சிரிப்பு. இரைச்சல் என்று நீக்கப்பட்டவை இவைதாம்.

இப்போது அறையில் ஓடியது அந்த மூல நாடா. யோகமலரின் விரல் மூக்கைக் கடந்து மறுபக்கக் கண்ணுக்குப் போனது. காது. கழுத்து. தோள். வெல்டனின் கை தன்னையறியாமல் உயர்ந்து மறுகையில் இறங்கத் தொடங்கியது. இருவரும் சுண்டுவிரலை அடைந்தபோது கிழவர் கைதட்டினார்.

இருபத்தேழு.

"என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன்," என்றார் வெல்டன் ஆங்கிலத்தில். "நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்கவேயில்லை." பிறகு எழுந்து நின்றார். மற்றவர்களும் எழுந்தார்கள். முதலில் கைதட்டியவர் வெல்டன்.

கீழே இறங்கித் தொலைபேசியில் பத்மநாதனை அழைத்தாள்.

"என்னவாம்?"

"டொக்டராம்."

"வருத்தம் பாக்கிற டொக்டரோ?"

"ஓம். முதல் ஊசி உங்களுக்குத்தான்."

அவன் சிரித்த சிரிப்பில் அவள் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது.

அடுத்த நாள் மழை. யோகமலர் நாடாவைக் காப்பகத்தில் திருப்பிக் கொடுத்தாள். பின்னேரம் மில்லிக்கனில் நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுத்தாள். பேருந்து பிந்தி வந்தது. வீட்டில் பத்மநாதன் பருப்பு அவித்திருந்தான். உப்புத்தான் கொஞ்சம் கூடிவிட்டது.