பூப் பறித்த கையும் அதன் மனமும்

2014 கோடை. இத்தாலியின் பலெர்மோவில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன். மத்தியானத்துக்குக் கத்தரிக்காய் வெட்டும்போது போன் வந்தது. எங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த, வன்னியிலிருந்து வந்த பிள்ளையைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டதாம். களவாம். அவளுக்கு இத்தாலியன் இன்னும் பிடிபடவில்லை, மொழிபெயர்க்க நான் வரவேண்டுமாம்.

வதிவிட அனுமதியை, அதுதான் அந்தப் பெர்மெசோவை, புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு அவள் காத்திருந்த நேரம் அது. களவு வழக்கு ஒன்று விழுந்தால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன்.

பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால், களவு போனது பூ. சிரிப்பு வந்தது, ஆனால் எதிரில் அந்தப் பூமரத்து வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, அழுதுகொண்டிருந்தார். இங்கே பொமேலியா என்கிறார்களே, எங்களுடைய ஈழத்தலரி, அதன் பூ. அவருடைய கல்யாணத்துக்குத் தாய் கொடுத்த கிளையிலிருந்து வளர்ந்த மரமாம். நம் பிள்ளை விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன், திறந்திருந்த கேற்றுக்குள் நுழைந்து சாமிப் படத்துக்குப் பூப் பறித்திருக்கிறாள். மொட்டோடு ஒரு நுனியும் முறிந்துவிட்டது.

பொலிஸ்காரர் கெட்ட மனிதர் இல்லை. கை எடுத்தால் மட்டும் களவு ஆகாது, மனமும் அதை நினைத்திருக்க வேண்டும், இரண்டையும் தனித்தனியாகக் கேட்கப் போகிறேன் என்று எனக்கு விளக்கினார். எனக்கு மூச்சு வந்தது. மனம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது?

"பொது மரம் எண்டு நினைச்சனான் எண்டு சொல்லு பிள்ளை" என்றேன் மெதுவாக.

"ஏனக்கா பொய்? பூச்சாடியிலை வைச்சு வளர்க்கிற மரத்துக்கு ஆள் இருக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ?"

பொலிஸ்காரர் கேட்கத் தொடங்கினார். எடுத்தாயா? ஓம். இன்னொருவருடையது என்று தெரியுமா? ஓம். வேண்டுமென்றுதான் பறித்தாயா? ஓம். ஒவ்வொன்றையும் இத்தாலியனில் சொல்லச் சொல்ல, நானே அவளைப் பிடித்து உள்ளே தள்ளுவது போல இருந்தது. ஆத்திரத்தில் அவளுடைய காலை மேசைக்குக் கீழே ஒரு மிதி மிதித்தேன். அவளுக்கு அதுவும் விளங்கவில்லை.

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"விடியக்காலமை நித்திரையாக் கிடக்கிற சனத்தைத் தட்டி எழுப்பியோ பூக் கேக்கிறது? பூ வைக்கேக்கை அந்த வீட்டுக்காரரையும் நினைச்சுத்தான் கும்பிடுறனான். மரத்துக்காரருக்குத்தானே அக்கா புண்ணியம்."

புண்ணியத்தை இத்தாலியனில் எப்படிச் சொல்வது? வரும் நன்மை உங்களுக்குத்தான் என்கிறாள் என்று தடுமாறிச் சொன்னேன். பொலிஸ்காரர் பேனாவைக் கீழே வைத்தார். எடுத்தது இவள், நன்மை இவருக்கா என்று என்னிடமே கேட்டார். எனக்கென்ன தெரியும்?

சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு எனக்காகக் கும்பிட்டாயா என்றார்.

"இண்டைக்கு மட்டுமோ? ஒவ்வொரு நாளும்தான்."

அதையும் மொழிபெயர்த்தேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: ஒவ்வொரு நாளும் கும்பிட்டாள் என்றால் ஒவ்வொரு நாளும் பறித்திருக்கிறாள். சிஞ்ஞோரா பொலிஸ்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

பிறகு சிஞ்ஞோரா, முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை. இனி முற்றத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்றார் கண்டிப்பாக. வாசல்வரை போனவர் திரும்பி நின்று, கும்பிடும்போது என் அம்மாவையும் சேர்த்துக்கொள்ளச் சொல் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பெர்மெசோ பிசகில்லாமல் வந்தது. சாமி காப்பாற்றியது என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கோ, மதிலுக்கு வெளியே பூ ஒன்று எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கை தானாக எழும்புகிறது. அதைப் பிடித்து இறக்கிவிட்டு, அன்றைக்கு அந்த மேசையில் நான் மொழிபெயர்த்தது ஒரு களவையா, ஒரு கும்பிடையா என்று இன்னும் தெரியாமல் நடக்கிறேன்.