ஏழாம் நாள் குறட்டை

“எட்டி, உனக்கு இதெல்லாம் எதுக்கு? ஞாயிற்றுக்கிழமயும் மடியில கம்ப்யூட்டர வச்சிட்டு ஆபீஸ்காரனுக்குப் பதில் சொல்லுத நீ, நான் ஏன் மத்தியானம் ஆனா இந்தப் பத்தாயத்துக்க மேல ஏறிக் கெடக்கேன்னு கேக்கியா? அறியணுமாக்கும்!”

பேத்தியை இப்படி விரட்டிப் பார்த்தேன். போகவில்லை. ஆகவே சொன்னேன்.

நான் கல்யாணமாகிக் குன்னத்துகாலுக்கு வந்த காலத்தில், மலையாள ஆட்சியில் இருந்த எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஊர்வலத்தின் முன்னால் நின்று கத்தினார். பின்னால் நின்று கத்தியிருந்தால் போலீஸ் தேடியிருக்காது. அந்தப் புத்தி அவருக்குக் கிடையாது. வெள்ளறடை மலையோரம் ரப்பர் தோட்டத்தில் ஒளிந்திருந்தார்.

மாமியார் சபைக்காரி. கர்த்தருடைய நாளில் அடுப்பு மூட்டக் கூடாது, அரிவாளைத் தொடக் கூடாது. மரச்சீனிக் கிழங்கைச் சனிக்கிழமையே அவித்து மூடிவிட வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் மாட்டுக்கு அது தெரியாதே, தண்ணீர் கேட்கும். விருந்தாளிகளும் வருவார்கள். மாமியார் ஓய்ந்திருப்பார், ஓய்வுநாள் முழுக்க என் தலையில் இருக்கும்.

அப்படி ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த சற்று நேரத்தில் வீட்டுக்காரர் பின்வாசலில் வந்து நின்றார். ஒரு வாய் சாப்பிட வந்தாராம். சாப்பிட்டுக் கை கழுவும்போது பனச்சமூடு பக்கமிருந்து ஜீப் சத்தம் கேட்டது. மாமியார் பத்தாயத்தைத் திறந்தார். நெல் போட்டு வைக்கும் பெரிய மரப்பெட்டி; அறுப்புக்கு முந்திய நேரம், உள்ளே காலி. மகனை அதற்குள் தள்ளி மூடி, மேலே பாயை விரித்தார்.

“கெடடி இதுக்க மேல.”

“நானா மாமி? மாட்டுக்குத் தண்ணி…”

“மாடு கெடக்கட்டு. நீ கெட.”

கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் என்னைப் பகலில் படுக்கச் சொன்னது அன்றுதான்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வீடெல்லாம் துழாவினார்கள். “எந்தா, இவளு எழுந்நேல்க்கில்லே?” என்று ஒருவர் என்னைக் காட்டி மலையாளத்தில் கேட்டார். கர்த்தருடைய நாளில் மாமியார் பொய் சொல்ல மாட்டார்.

“இன்னைக்கு ஓய்வுநாளு சாரே. இவ ஓய்ஞ்சு கெடக்கா.”

ஒருவர் ஜீப்பில் போனார். மற்றவர், வயதானவர், எப்படியும் மகன் வீட்டுக்கு வருவான் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் தாழ்ந்தது. அவர் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்க வழியில்லை. காலில் எறும்பு ஏறியது. தொழுவத்தில் மாடு என்னைத்தான் கூப்பிட்டது. வாளியைத் தேடி என் கை தானாகத் துடித்தது. சும்மா கிடப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எந்த உபதேசியாரும் சொன்னதில்லை.

பத்தாயத்தின் ஓரத்தில் எலி அரித்த ஓட்டை ஒன்று உண்டு. உள்ளே வீட்டுக்காரர் மூச்சு விட அதுதான் வழி. அந்த வழியாகக் குறட்டை வந்தது. பாவி மனுசன், வயிறு நிறைந்ததும் உறங்கிவிட்டார்!

போலீஸ்காரர் திரும்பினார். நான் வாயைப் பிளந்து அதைவிடப் பெரிதாக ஒன்று விட்டேன். பெட்டிக்குள் வீட்டுக்காரர் இழுத்தால் நானும் இழுத்தேன். அவர் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன்.

“பெண்ணுங்ஙளு இங்ஙனே கூர்க்கம் வலிக்குமோ?” என்று போலீஸ்காரர் என் குறட்டையைக் கேட்டுச் சிரித்தார்.

“ஆறு நாளும் இவதானே சாரே எல்லா வேலயும் செய்யா,” என்றார் மாமியார். “பாவம், ஒறங்கட்டு.”

எனக்குக் குறட்டை தொண்டையில் சிக்கிக்கொண்டது. பிறகு கிணற்றடியில் கப்பி கிறீச்சிட்டது. கர்த்தருடைய நாளில் மாமியார் தன் கையால் மாட்டுக்குத் தண்ணீர் இறைக்கிறார்!

இருட்டும் நேரத்தில் ஜீப் வந்து போலீஸ்காரரை ஏற்றிப் போனது. மூடியைத் திறந்தோம். தலையெல்லாம் பதரோடு அவர் எழுந்து உட்கார்ந்தார். “நல்ல ஒறக்கம். நேரம் என்னாச்சு?” பக்கத்தில் விறகுக்கட்டை இல்லாதது அவர் யோகம்.

எல்லையைப் பிறகு போட்டார்கள். எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. எனக்குக் கிடைத்தது பத்தாயம். போலீஸ் வந்து போன அடுத்த ஞாயிறு மத்தியானமும் ஏறிப் படுத்தேன். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். போலீசிடம் சொன்னது நினைவு வந்திருக்கும். வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனார்.

அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரிகள் கிணற்றடியில் என்னை வளைத்துக்கொண்டார்கள். “போலீசு வாசல்ல இருக்கச்சில கூர்க்கம் விட்டியாமே, நாணம் இல்லியாடி ஒனக்கு?” உள்ளதைச் சொன்னால் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார். வாளியைக் கீழே வைத்தேன்.

“நாணம் ஆறு நாளும் உண்டுக்கா. ஏழாம் நாளு அதுக்கும் ஓய்வாக்கும்.”