பெட்டிக்குள் சிவந்த இலைகள்

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒருநாள் காலை, சிங்கப்பூரில் எங்கள் பிடோக் அடுக்குமாடி வீட்டிலிருந்து லிஃப்டுக்கு நடந்தபோது காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது. காலுக்குத்தான் தெரியவில்லை. அந்த வார இறுதிக்குள் கைகளும் அசையவில்லை.

குயிலன்-பாரே என்றார்கள் (உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய்). ரத்தக்குழாய் வழியாக இம்யூனோகுளோபுலின் (பிறர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். டாக்டர் தமிழர்.

“நரம்பு மேல இருக்கிற உறை போயிருக்கு. திரும்ப வளரும். ஆனா ஸ்லோ.”

“எவ்வளவு ஸ்லோ டாக்டர்?”

“நீங்க நினைக்கிறதை விட.”

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் சொன்னது உண்மை. அதை நம்பப் பல மாதம் பிடித்தது.

சக்கர நாற்காலியில் வீடு திரும்பியபோது வாசலில் ஒரு தொட்டி நின்றது. கிறிஸ்துமஸுக்காக என் கணவர் பீட்டர், கிராஞ்சி வட்டார நர்சரியில் வாங்கிய பாயின்செட்டியா என்ற சிவப்புச் செடி. சிவப்பெல்லாம் கொட்டி வெறும் குச்சியாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் ஓடியதில் தூக்கிப்போட நேரமில்லை, அதனால் பிழைத்தது. குச்சிகளை வெட்டிவிட்டார். துளிர்த்தது. ஆனால் பச்சை மட்டும்தான்.

நர்சரியில் கேட்டுக்கொண்டு வந்தார். “சாயங்காலத்திலேர்ந்து காலை வரைக்கும் முழு இருட்டா இருக்கணுமாம். நம்ம காரிடோர் லைட் விடிய விடிய எரியுது லா. எப்படிச் சிவக்கும்?”

அந்தச் செடியில் நாம் பூ என்பது பூவே இல்லை, நிறம் மாறும் இலைகள். இருட்டு நீண்டால்தான் மாறும். வாரக்கணக்கில் அப்படி வைக்க வேண்டும்.

தீபாவளிக் கூட்டத்தில் தேக்கா சந்தைக்குப் போனவர், காய்கறியோடு, செடியை இரவில் மூடி வைக்க ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். அப்போது நான் கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்தேன். கைகள்தான் மார்புக்கு மேல் எழவில்லை. பயிற்சி கொடுக்க வந்த பெண், கையால் என்ன செய்ய ஆசை என்று கேட்டாள். தலை வாருவது, சமைப்பது என்று சொல்லியிருக்கலாம். “அந்தப் பெட்டியைச் செடி மேல் கவிழ்க்க வேண்டும்” என்றேன்.

முதலில் பீட்டர் தூக்க, நான் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். பிறகு பாதிப் பாரம் என்னிடம் வந்தது. ஒரு மாலை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது தனியாகத் தூக்கினேன். விரல் நழுவியது. பெட்டி விழுந்து ஒரு கிளை முறிந்தது, பால் வடிந்தது. உட்கார்ந்து அழுதேன்.

துண்டோடு ஓடிவந்தவர் செடியைப் பார்க்கவில்லை. “வசந்தி, இது மேலேர்ந்துதானே விழுந்துச்சு?”

“ஆமா.”

“அப்ப கையைத் தோளுக்கு மேல தூக்கியிருக்க.”

அழுகை நின்றுவிட்டது. மறுபடி தூக்கிப் பார்த்தேன். கை எழுந்தது.

அதன் பிறகு கவிழ்ப்பதும் எடுப்பதும் என் வேலையாயிற்று. பல காலைகள் பச்சையையே பார்த்தேன். ஒருநாள் பெட்டியை எடுத்தபோது, நுனியில் ஓர் இலை காம்புப் பக்கம் சிவந்திருந்தது. நரம்புகளின் வழியே மட்டும், மெல்லிய கோடுகளாக. பீட்டரைக் கூப்பிட்டேன். வாயில் பற்பசை நுரையோடு வந்து நின்றார். வேலைக்கு நேரமானது இருவருக்கும் தோன்றவில்லை. யாரும் பார்க்காத இருட்டில் அது தன் வேலையைச் செய்திருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்குள் கிளைகள் எல்லாம் சிவந்தன, முறிந்ததைத் தவிர.

முழுதாகக் குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். சுண்டுவிரல் இன்னும் மரத்திருக்கிறது. ஆனால் நேற்று கண்ணை மூடிக்கொண்டு பையில் சாவியைத் துழாவியபோது, எது சாவி, எது சில்லறை என்று விரல்களே சொல்லின. கதவைத் திறக்காமல், என் கையையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.