மாஸ்ஃபெட் மாற்றத் தெரியாதவள்

மலைமேல் சித்திரபுரத்தில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்த முதல் மார்கழியில், கரண்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற சில்லு என் கைபட்டு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. புதியதைக் கவரிலிருந்து பிரித்துப் போர்டில் சால்டர் வைப்பேன், பேட்டரியை இணைப்பேன், பட்டென்று ஃபியூஸ் போகும்.

"ஒனக்குக் கைராசி இல்ல, புள்ள. நாளையிலருந்து கவுண்டர்ல உக்காந்து வர்றவுகளக் கவனி," என்றார் கடைக்கார அண்ணாச்சி.

பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்தது கவுண்டரில் உட்காரவா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் ஒரே ஒரு போர்டு குடுங்க அண்ணாச்சி. அதுவும் போச்சுன்னா நானே எந்திரிச்சுருதேன்."

அண்ணாச்சி ஒரு போர்டை என் பக்கம் தள்ளினார்.

மாஸ்ஃபெட்டுக்கு மூன்று கால். ஒன்றில் கரண்ட் நுழையும், இன்னொன்றில் வெளியேறும். மூன்றாவதான கேட், அந்தப் பாதைக்கு மேலே ஒரு மெல்லிய கண்ணாடிப் படலத்துக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும். கேட் வழியாகக் கரண்ட் பாய வேண்டியதில்லை. அதில் வோல்டேஜ் இருந்தாலே அடியில் வழி திறக்கும், எடுத்தால் மூடிக்கொள்ளும். இத்தனூண்டு கால், வீட்டையே ஓட்டும் கரண்டை அதட்டி வைக்கிறது. எனக்கு அதை ரொம்பப் பிடிக்கும். படலத்தில் ஓட்டை விழுந்தால் மட்டும் கேட்டின் பேச்சு எடுபடாது, கரண்ட் தறிகெட்டு ஓடும்.

அன்று மத்தியானம் வெயில் ஏற, ஸ்வெட்டரைத் தலைவழியே உருவினேன். படபடவென்று பொறி தெறித்தது. செயற்கைக் கம்பளி. காய்ந்த மலைக்குளிரில் அது உரசி உரசி உடம்பில் மின்னூட்டம் சேர்த்திருக்கிறது. நான் மாஸ்ஃபெட்டின் காலைப் பிடித்ததும் அது கேட்டில் இறங்கிப் படலத்தைப் பொத்தலாக்கியிருக்கிறது. அண்ணாச்சியோ எந்தக் குளிருக்கும் பருத்தித் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பவர். அவர் கையில் ஏன் எதுவும் சாகவில்லை என்று அப்போது புரிந்தது. ராசியாம், ராசி!

மறுநாள் காலை ஸ்வெட்டர் இல்லாமல், பல் கிடுகிடுக்க உட்கார்ந்தேன். உடம்பில் சேர்வது மெல்ல மண்ணுக்கு இறங்கட்டும் என்று மணிக்கட்டில் ஒரு வயரைச் சுற்றி, பெரிய ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக எர்த்தில் மாட்டினேன். அந்தப் போர்டின் நான்கு மாஸ்ஃபெட்டையும் மாற்றிப் பேட்டரியை இணைத்தேன். ஃபியூஸ் போகவில்லை. சோதிக்க மாட்டியிருந்த பல்பு எரிந்தது. ஏன் எரிந்தது என்று அண்ணாச்சியிடம் முழுக்கச் சொன்னேன்.

அவர் தாடையைத் தடவினார். "என்னமோ, இன்னைக்கு ஒத்து வந்துருக்கு. சரி, கவுண்டருக்கு வா, அங்க ஆளில்ல."

அடுத்த இன்வெர்ட்டரை என் பக்கம் இழுத்தேன்.

"ஆள் வேணும்னா தேடிக்கிடுங்க அண்ணாச்சி," என்று சொல்லி, முதல் ஸ்க்ரூவைக் கழற்றினேன்.