துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்கப் போன சனிக்கிழமை

போர் முடியப்போகும் மாதங்களில் நான் வேட்டைக்காரனாகிக்கொண்டிருந்தேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. டென்மார்க்கில், இக்காஸ்ட் ஊர்த் தொழிற்சாலையில் என்னோடு வேலைசெய்த டேனிஷ்காரர் ஒருவர் என்னை மான் வேட்டைக்கு அழைத்தார். பதினெட்டு வருடம் ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கங்களில் நின்றோம். ஒரு நாளும் என்னை ஒரு கோப்பிக்குக்கூடக் கூப்பிடாத மனிதர். எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்புக்குப் போனேன், சோதனை எழுதினேன், குறிபார்த்துச் சுட்டும் காட்டினேன். வேட்டை உரிமம் என் கைக்கு வந்தபோது அம்மாவும் தங்கையும் வன்னியில் பதுங்குகுழிக்குள் இருந்தார்கள்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, போரை நிறுத்தச் சொல்லிக் கோப்பன்ஹேகனில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் போனது. முதுகு நோவென்று சொல்லி நான் படுத்துக்கொண்டேன். என் மனைவி சப்பாத்தைப் போட்டபடியே சொன்னாள்:

“நோவெண்டால் கிடவுங்கோ. ஃபோனை மட்டும் பக்கத்திலை வைச்சிருங்கோ. தங்கச்சியாக்கள் எடுத்தாலும் எடுப்பினம்.”

பஸ் புறப்பட்டு அரை மணித்தியாலத்தில் நான் காரில் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மே நடுவில் ஆண்மான் வேட்டை தொடங்கிவிடும். என்னிடம் துப்பாக்கி இருந்தது, குறிபார்க்க அதன்மேல் பூட்டும் தொலைநோக்கியான ஸ்கோப் இல்லை. சனிக்கிழமைகளில் கடைகளை மத்தியானத்தோடு பூட்டிவிடுவார்கள் என்பதுதான் அன்று காலை எனக்கிருந்த ஒரே கவலை.

கடைக்காரர் பொறுமைசாலி. மூன்று ஸ்கோப்புகளை மேசையில் வைத்தார். நான் கத்தரிக்காய் பொறுக்குகிறவன் மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கும் ஒன்றில்தான் என் கண் போனது. அவர் சிரித்தார். “நீங்கள் காட்டோரத்தில் நூறு மீட்டருக்குள் சுடப்போகிறீர்கள். அவ்வளவு பெரிதாக்கினால் மானின் காது தெரியும், மான் தெரியாது. மங்கல் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள், அது போதும்” என்றார். என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்த் தூரத்துக் கூரைகளைப் பார்க்கச் சொன்னார். ஒரு புகைபோக்கியின் செங்கற்களை நான் எண்ணிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

திரையில் இலக்கம் மறைந்திருந்தது. ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் அப்போது இலக்கத்தை மறைத்துத்தான் எடுப்பார்கள். தெரிந்தால் என்னைப் போன்றவர்கள் எடுக்கமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஏன் பஸ்ஸில் ஏறவில்லை என்று துருவப்போகிறார்கள் என்று நினைத்து அழைப்பைத் துண்டித்தேன். வன்னியிலிருந்து சாட்டலைட் தொலைபேசியில் வரும் அழைப்பும் அப்படித்தான் வரும். அது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லமுடியாது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. மறுபடியும் துண்டித்தேன்.

பிறகு தோட்டாக்களுக்கு வந்தோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளைத் திறந்தார். “இது முழுக்க உலோக உறைபோட்ட குண்டு. பலகையில் சுட்டுப் பழகத்தான். மானைச் சுட்டால் துளைத்துக்கொண்டு போய்விடும், மான் காயத்தோடு ஓடிப்போய் எங்கேயாவது கிடந்து சாகும். சட்டம் அதற்கு விடாது” என்றார். மற்றப் பெட்டியில் முனை மென்மையான குண்டுகள், உடம்புக்குள் போனதும் விரிந்துவிடும். “மான் நின்ற இடத்திலேயே விழவேண்டும். வேதனைப்படக்கூடாது.”

நான் நல்ல மாணவன்போலத் தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்து மூன்றாம் தடவையும் அடித்தது. எரிச்சலோடு தொலைபேசியையே நிறுத்திவிட்டேன். ஒரு மானின் வேதனையைப் பற்றி நானும் அவரும் அவ்வளவு அக்கறையாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். அப்போது எனக்குள் ஒன்றுமே குத்தவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

பொழுதுபட மனைவி தொண்டை கட்டிப்போய் வந்தாள். “ஆரும் எடுத்தவையோ?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

வேட்டை தொடங்கிய அதே வாரத்தில் போர் முடிந்தது. நான் காட்டுப் பக்கம் போகவில்லை. ஜூலையில், அகதி முகாமுக்குள்ளிருந்து யாரோ ஒருவரின் தொலைபேசியில் தங்கை எடுத்தாள். ஏப்ரல் கடைசியில் எறிகணை விழுந்து அம்மா இறந்ததை அழாமல் சொன்னாள். அவளுக்கு அழுகை முடிந்திருந்தது. நான்தான் அழுதேன். நான் ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டுப் பேசினாள்.

“அதுக்கு முதல் கிழமை, சனிக்கிழமை, உங்களுக்கு மூண்டு தரம் எடுத்தனாங்கள் அண்ணா. விடிய வெள்ளெனத் தொடக்கம் வரிசையிலை நிண்டு எடுத்தது. அம்மாதான் கதைக்கோணும் எண்டு நிண்டவ.”

தங்கை நிறுத்தாமல் சொன்னாள்:

“நீங்கள் எடுக்கேல்லை எண்டு எனக்குக் கோவம். அம்மாதான் சொன்னவ, ‘பிள்ளை வேலையிலை நிப்பான், கரைச்சல் குடுக்காதை’ எண்டு. வேலையோ அண்ணா அண்டைக்கு?”

“ஓம்,” என்றேன். “வேலையிலைதான் நிண்டனான்.”