நகப்பூச்சுக் கோடு

என் அக்கா வீட்டுக்காரர் தன் நிழலையே நம்பாதவர். முப்பது வருடம் லிப்டுகளைச் சோதித்து ஓய்வு பெற்றவர். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் பணக்காரர்கள் மட்டுமே ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை, எட்டு வருடமாக வீட்டு ஷெட்டில் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் அடியிலுள்ள இரும்பு வரை அக்காவின் நகப்பூச்சில் ஒரு கோடு இழுத்துவிடுவார். யாராவது திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிரேக் போல்ட் ஒன்றில் கோடு விலகியிருந்தது. முதலில் என்னைத்தான் பிடித்தார்.

"மச்சான், நேத்து ஷெட்டுக்குள்ள எதுக்கு வந்த?"

"ஏணி எடுக்க."

"ஏணி மட்டுந்தானா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அக்கா கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"நான்தான் முடுக்கினேன். லூசா விட்டுட்டு மேல கோடு போட்டு வச்சிருந்தீங்க."

அவர் ஸ்பேனரை மாட்டி இழுத்துப் பார்த்தார். போல்ட் அசையவில்லை. அப்போதும் விடவில்லை.

"ஸ்பேனர் பிடிக்க உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எட்டு வருஷமா பக்கத்துல டார்ச் பிடிச்சிட்டு நின்னது யாருன்னு நெனச்சீங்க?"