அத்தையின் பத்துப் படிப் பச்சரிசி

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மடைப்பள்ளிக்கு வெளியே, மதிலை ஒட்டி, ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம் நிற்கும். மழைத் தூறல் விழாமல் இருக்க மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடியிருப்பார்கள். ஐப்பசிப் பௌர்ணமியன்று அத்தை கொண்டுபோகும் அரிசியை, கோயில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மணியம் இரண்டு கைகளாலும் வாங்கி, சாக்கை விலக்கி, அந்த டிரம்மில் கொட்டுவார். மேலத்தெருவிலிருந்து வரும் மூட்டைகள் ஆள் தோளில் ஏறி நேராக மடைப்பள்ளிக்குள் போகும். இதை நான் முதன்முதலாகக் கவனித்தபோது மன்னார்குடியில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தையிடம் அந்த டிரம்மைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

அத்தை என் அப்பாவுடன் பிறந்தவள். கல்யாணமான மூன்றாம் வருஷமே தாலியை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். குடவாசல் பக்கத்தில் வயலும் வாய்க்காலுமாகக் கிடக்கும் சிறிய ஊர் எங்களுடையது. முப்பது வருஷம் அவள் மேலத்தெருக்காரர்களின் வயலில் நாற்றுப் பறித்தாள், நடவு நட்டாள், களை எடுத்தாள், அறுத்தாள். அந்த நெல்தான் அரிசியாகி, சோறாகி, ஒவ்வொரு ஐப்பசியிலும் லிங்கத்தின் மேல் ஏறியது. உபயம் என்று போர்டில் எழுதும்போது மட்டும் வேறு பெயர் இருக்கும். பிறகு அப்பாவும் அவளுமாகச் சேர்ந்து ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர்போல, வாங்கினார்கள். அந்த வருஷக் குறுவை அறுவடையிலிருந்து அத்தை கோயிலுக்கு அரிசி கொடுக்க ஆரம்பித்தாள். பத்துப் படி, ஒரு வருஷமும் தப்பியதில்லை.

அன்னாபிஷேகம் நெல் விளையும் நாட்டுக்கென்றே ஏற்பட்ட திருவிழா என்று எனக்குத் தோன்றும். ஐப்பசி நிலா பதினாறு கலையும் நிறைந்தது என்பார்கள். சாபத்தால் தேய்ந்து போன சந்திரனைச் சிவன் தலையில் வைத்துக் காப்பாற்றினார், அந்தச் சந்திரனுக்கு உரிய தானியம் அரிசி, ஆகவே அவன் முழுசாக நிற்கும் நாளில் அரிசிச் சோற்றாலேயே சிவனை மூடுகிறோம் என்று குருக்கள் சொல்லுவார். வடித்து ஆறவைத்த சோற்றை உச்சியிலிருந்து அடிவரை அப்பி, கத்தரிக்காய், புடலங்காய், அப்பளம், வடை எல்லாவற்றாலும் அலங்காரம் செய்வார்கள். ஒவ்வொரு பருக்கையும் ஒரு லிங்கம், அதனால் அன்றைக்கு ஒரு தரிசனம் கோடி தரிசனம். சோறு கண்ட இடம் சொர்க்கம் என்று சாப்பாட்டு ராமன்களைக் கேலி செய்கிறோமே, அது இந்தச் சோற்றைக் கண்டவர்களுக்குச் சொன்னது என்றும் ஒரு பேச்சு உண்டு. பூசை முடிந்ததும் லிங்கத்தின் உச்சியில் இருந்த சோற்றை மனிதர்கள் சாப்பிடுவதில்லை. அதில் சாமியின் வீரியம் ஏறியிருக்கும் என்று மேளதாளத்தோடு எடுத்துப்போய்க் குளத்து மீன்களுக்குக் கரைத்துவிடுவார்கள். கீழே ஆவுடையாரில் இருந்ததைத் தயிரில் பிசைந்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். வருகிற கூட்டத்துக்கு அது போதாது என்பதால் தனியாக அன்னதானமும் நடக்கும். டிரம் அரிசி அன்னதானத்துக்கு மட்டும்தான் போகிறது என்பது என் சந்தேகம்.

அத்தைக்கு அந்த அரிசி சாமி மேல் ஏற வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். புழுங்கலரிசி ஒருமுறை வெந்தது, சாமிக்கு ஆகாது. ஆகவே அதற்கென்று நெல்லை அவிக்காமல் தனியாக எடுத்து வைப்பாள். அடைமழைக் காலத்தில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வது சாதாரண வேலையா? கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்து, மின்விசிறிக்கு அடியில் நெல்லைப் பரப்பிக் காலால் கிளறிக்கொண்டே இருப்பாள். அந்தப் பத்து நாளும் நாங்கள் சுவரோரமாகத்தான் நடக்க வேண்டும். மில்லில் மற்றவர்கள் நெல்லோடு கலந்துவிடும் என்று மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்கி வருவாள். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவளுக்கு, கோயில் வாசலைத் தாண்டிவிட்டால் மட்டும் எந்தச் சந்தேகமும் வராது. எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

அடுத்த வருஷம் மணியத்திடம் நேராகவே கேட்டேன். சந்தனப் பொட்டும் கதர்ச் சட்டையுமாக இருக்கும் மனிதர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அத்தையை "வா, அங்க நில்லு" என்றவர், நிலம் வாங்கியபின் "வாங்க, வைங்க" என்று மாறியிருந்தார். அந்த 'ங்க'வையும் நான் நம்பவில்லை.

"எல்லாம் ஒரே அடுப்புதான் டீச்சர். சாமிக்கு ஏது பாகுபாடு?" என்றார். பிறகு அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ரிஷிமூலம் நதிமூலம் பாக்கக் கூடாதும்பாங்க. உங்க வீட்டுப் பொண்ணு அரிசிமூலம் பாக்குது" என்றார். அத்தையும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே அடுப்பு என்றால் எதற்கு இரண்டு இடத்தில் கொட்ட வேண்டும் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை.

அத்தை அரிசி கொடுக்க ஆரம்பித்த எட்டாவது வருஷம். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பரிசோதனை சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இதைப் பரிசோதிக்க வழி தெரியாதா என்று ஒரு யோசனை முளைத்தது. மன்னார்குடியில் கால் கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கினேன். நல்ல சிவப்பு அரிசி. பௌர்ணமியன்று காலை அத்தை குளிக்கப் போன நேரத்தில் அவள் பையைப் பிரித்து, கையை முழங்கை வரை விட்டு அதைக் கலந்து, பழையபடி கட்டி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். எங்கள் கோயில் லிங்கம் இடுப்புயரம்தான். அர்த்தமண்டபத்துக்கு வெளியே நின்றாலும் நன்றாகத் தெரியும். வெள்ளைச் சோற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புப் பருக்கை இருந்தால் என் கண்ணுக்குத் தப்பாது. இருந்தால் மணியம் யோக்கியர். இல்லாவிட்டால் அன்றோடு அவர் வேஷம் கலைந்தது.

சாயங்காலம் பஸ் இறங்கி நேராகக் கோயிலுக்குப் போனேன். அத்தை எனக்கு முன்பே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றிருந்தாள். திரை விலகியது. எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். நான் பருக்கை தேடினேன். உச்சியில், நெற்றியில், பக்கவாட்டில், ஆவுடையார் விளிம்பில் என்று தேடினேன். மல்லிகைப்பூவைக் கொட்டியதுபோல ஒரே வெள்ளை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம். தயிர்ச்சோற்று வரிசையில் மணியம் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். தொன்னையை வாங்காமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"எங்க அத்தை கொண்டாந்த அரிசி எங்கங்க ஐயா போச்சு?"

குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வரிசை முழுக்கத் திரும்பியது. அத்தை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். முப்பது வருஷம் கதிர் அரிவாள் பிடித்த கை. வீடு வரும்வரை அவள் விடவில்லை.

வீட்டில் வந்து ஒரு சொம்பை எடுத்து என் முன்னால் வைத்தாள். பாதிச் சொம்புக்குச் சிவப்பு அரிசி.

"காலையில எட்டு மணிக்கு மொறத்த எடுத்தேன். மூணு மணிக்குத்தான் முடிஞ்சுது. கண்ணு ரெண்டும் பூத்துப் போச்சு" என்றாள். "நேத்தே உன் பையில கடைப் பொட்டலத்தப் பாத்தேன். வீட்டுக்குத்தான் வாங்கியாந்துருக்கேன்னு நெனச்சேன்."

"எதுக்கு அத்தே பொறுக்குன? பொறுக்காம இருந்தா இன்னிக்கி தெரிஞ்சிருக்குமே."

"வெள்ளை அரிசி வெந்து கொழையிற நேரத்துல இது முழிச்சுக்கிட்டு நிக்கும். பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தர்றதில்லையா? வேகாத சோத்த சாமி மேல அப்பச் சொல்றியா?" என்றாள். சொம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, "நாளைக்குப் போயி மணியத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வா. தப்புப் பண்ணாத மனுசன நாலு பேரு முன்னால கேட்டுட்ட" என்றாள்.

மறுநாள் காலை போனேன். மணியம் கோயில் அலுவலகத்தில் தனியாக இருந்தார். தெரியாமல் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அவர் சட்டென்று எழுந்து, எனக்கு நாற்காலி காட்டி, தண்ணீர் கொடுத்து, இல்லாத உபசாரமெல்லாம் செய்தார். மன்னிக்கிற மனிதர் இவ்வளவு பதற வேண்டியதில்லையே என்று உள்ளுக்குள் ஒரு முள் உறுத்தியது.

"அட, அத விடுங்க டீச்சர். நீங்க கேட்டதும் ஒருவகையில நல்லதாப் போச்சு. காலம் மாறிப்போச்சுன்னு பெரியவங்ககிட்ட நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். அடுத்த வருஷம் அத்தை அரிசி உள்ளயே போயிடும். நான் பாத்துக்கறேன்" என்றார்.

சமாதானமாகத்தான் சொன்னார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. நான் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். இரண்டு வருஷமாக நான் தேடிய சாட்சி அவர் வாயாலேயே வந்துவிட்டது. நேற்று வந்த சந்தோஷத்தில் ஒரு துளிகூட இன்றைக்கு வரவில்லை. தெருத் திரும்புகிற இடத்தில் நின்று அழுதேன்.

"என்ன சொன்னாரு?" என்று அத்தை கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. பரவாயில்லன்னாரு."

வாழ்க்கையில் நான் மறைத்த விஷயங்கள் குறைவு. அதை ஒரு வருஷம் மறைத்தேன். அத்தை வழக்கம்போல நெல்லை விசிறிக்கு அடியில் பரப்பினாள், காலால் கிளறினாள். பௌர்ணமியன்று நானும் கூடப் போனேன். மணியம் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே எதிரே வந்தார். பையை வாங்கினார். மதில் பக்கம் திரும்பாமல், நேராக மடைப்பள்ளிப் படியேறி உள்ளே போனார். அத்தை பழக்கத்தில் மதிலை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டவள், அப்படியே நின்றாள். மடைப்பள்ளி வாசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன வருஷமா?" என்றாள்.

அத்தை கூட்டத்தோடு உள்ளே போனாள். திரை விலகியபோது மற்றவர்களைப் போலவே கையைத் தூக்கிக் கும்பிட்டாள். தயிர்ச்சோற்றை வாங்கினாள், சாப்பிடவில்லை, முந்தானையில் வைத்து மூடிக் கொண்டுவந்தாள். மணியத்தை ஊர் நடுவில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே நடந்தேன். இனி அவள் கோயிலுக்கு அரிசி கொடுக்க மாட்டாள் என்றே நினைத்தேன்.

அடுத்த ஐப்பசியில் கூடத்தில் பாய் இரண்டாக விரிந்தது. நடக்கச் சுவரோரம்கூட இல்லை. ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, "கால எடுத்து வச்சு ஒழுங்கா நட" என்றாள். பௌர்ணமியன்று நான் ஒரு பையும் அவள் ஒரு பையுமாகத் தூக்கிக்கொண்டு போனோம். மேலத்தெரு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன, நல்ல கூட்டம். மணியம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க இது, இந்த வருஷம் ரெண்டாக் கொண்டாந்துட்டீங்க? பத்துப் படிதானே எப்பவும்?"

அத்தை தன் பையை அவர் காலடியில் இறக்கி வைத்தாள். "இது இந்த வருஷத்துக்கு" என்றாள். என் தலையிலிருந்த பையைத் தானே வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். "இது, சாமிக்கிட்ட போயிச் சேராத மொத வருஷத்துக்கு. இன்னும் ஏழு இருக்கு. வருஷம் ஒண்ணாக் கொண்டாருவேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கை நின்றுவிட்டது. மணியம் குனிந்து, ஆளைக்கூடக் கூப்பிடாமல், இரண்டு பையையும் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வருஷத்தையும் சேர்த்து, அத்தை சொன்னபடி ஐந்து வருஷம் கொண்டுபோனாள். அவள் இறந்து மூன்று வருஷமாகிறது. மிச்சமிருந்த மூன்றையும் நான் கொண்டுபோனேன், கடைசிப் பை இந்த ஐப்பசியில். இப்போது இருக்கும் மணியம் இளைஞர், படித்தவர், பழைய கதை எதுவும் தெரியாதவர். என்னை உட்காரச் சொன்னார். இந்த வருஷத்துப் பையையும் கடைசிப் பையையும் கொடுத்துவிட்டு மடைப்பள்ளி வாசலில் போய் நின்றேன்.

"எல்லாம் உள்ளதாங்க போவுது. நீங்க போயி சாமி பாருங்க" என்றார்.

உலை கொதித்து, இரண்டு பை அரிசியும் அதில் விழுகிறவரை நான் அங்கேயே நின்றேன்.